ஏழு வயதுக் குரல்

எந்த வருடம் என்பதில் எனக்குத் தடுமாற்றம் உண்டு. குரல்கள் வந்த வரிசையையும் மாற்றிச் சொல்லக்கூடும். ஆனால் கல்லூரி நேர்காணலில் அந்தப் பதினேழு வயதுப் பெண்ணின் வாயிலிருந்து முதலில் வந்தது, அவள் குடியிருப்பின் மூன்றாம் மாடியில் இருந்த குழாய் ரிப்பேர்காரரின் கட்டைக் குரல்தான்.

ஏழு வயதில் குடும்பத்தோடு அந்த நகரத்துக்கு வந்தவள், மூன்றே மாதத்தில் ஊர் மொழியைப் பிடித்துக்கொண்டாள். அன்றிலிருந்து, ஓட்டலில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடும் அம்மாவுக்கும், குடியிருப்பின் நான்கு மாடிகளுக்கும் அவள்தான் வாய். ஆஸ்பத்திரி, விசா அலுவலகம், வீட்டுக்காரரோடு தகராறு, எங்கேயும் அவளைத்தான் கூட்டிப்போனார்கள். பெரியவர்கள் வீட்டு மொழியில் திட்டுவதை விழுங்கிவிட்டு, ஊர் மொழியில் பணிவாகச் சொல்வாள். "இவன் மூஞ்சிக்கு நாற்காலி ஒரு கேடு" என்று அம்மா சொன்னால், அம்மா நன்றி சொல்கிறார் என்பாள். காரியம் நடந்தது. மகள் மொழிபெயர்ப்பாளராக வேண்டும் என்று அம்மா முடிவு செய்தபோது, அதையும் வழக்கம்போல அவளே விண்ணப்பமாக எழுதிக் கொடுத்தாள்.

உனக்கு என்ன வேண்டும் என்று தேர்வுக்குழுத் தலைவி கேட்டதும், பத்து வருடம் விழுங்கியதெல்லாம் சொன்னவர்களின் குரலிலேயே வெளியே வந்தது. குழு நடுவில் சாப்பிட்டுவிட்டு வந்து மீண்டும் உட்கார்ந்தது. மூடிய கதவு வழியே தன் குரலையே கேட்டு, வெளியே காத்திருந்த அம்மா பதறி உள்ளே ஓடினாள். மகள் என்ன சொல்கிறாள் என்று தலைவி அம்மாவைக் கேட்டார். அம்மாவிடம் இருந்த ஊர் மொழி கைப்பிடியளவுதான். நன்றி சொல்கிறாள் என்றாள்.

மூன்றரை மணிக்கு எல்லாம் தீர்ந்தது. பிறகு ஒரு குழந்தைக் குரல் வந்தது. யாரும் பயன்படுத்தாததால் ஏழு வயதிலேயே நின்றுபோன குரல். அதற்கு வீட்டு மொழி மட்டுமே தெரியும்.

"அம்மா, எனக்கு இந்தப் படிப்பு வேணாம்மா. கல்லு, பாறை பத்திப் படிக்கிறேன். கல்லு தனக்காகப் பேசச் சொல்லாது."

"ஏண்டி, இத வீட்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"நீ கேட்டியா?"

குழு அம்மாவைப் பார்த்தது. இன்னொரு நன்றி சொன்னால் இடம் கிடைத்துவிடும். அது அவளுக்குத் தெரியும். ஆனாலும் கையை விரித்து, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள். இது வேண்டாம். கல். படிப்பு. மகள் சொல்கிறாள்.

அடுத்த ஆண்டு மகள் நிலவியலில் சேர்ந்தாள். தலைவி ஓய்வு பெற்றார். குழாய் ரிப்பேர்காரர் தன் சண்டையைத் தானே போடுகிறார். அம்மா மாலை வகுப்புக்குப் போகிறாள். நன்றியை இப்போது அளந்துதான் சொல்கிறாள். மகளுக்கு இருபத்து நான்கு வயது. குரலுக்குப் பதினான்கு, ஆகவே எதற்கெடுத்தாலும் எதிர்த்துப் பேசுகிறது. வயசு அப்படி, பேசட்டும் என்று அம்மா விட்டுவிட்டாள்.