ஏழுக்கு ஒன்று

கடல் கடந்து வந்து பிரிக்பீல்ட்ஸில் வாழை இலைச் சாப்பாட்டுக் கடை ஒன்றில் வேலை செய்யும் எங்கள் எட்டுப் பேருக்கும் ஒரே அடுக்குமாடி வீடு. மூன்று மணிக்கு மதிய வேலை முடிந்து வந்தால் எல்லோரும் டிவி முன்னால்தான். அப்போது ஓடிய தொடரில் ஒரு நகரம், வீட்டுக்கு வீடு கேமரா. ஒரு மணி நேரம் அதை மூடி வைக்க வேண்டுமென்றாலும் ஊரே ஓட்டுப் போட்டுச் சம்மதிக்க வேண்டும். அன்றைக்கு ஒருத்தி அழுது கேட்டாள், ஊர் மறுத்துவிட்டது. எங்கள் ஆட்களுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"மனுசங்களாடா இவனுங்க?" என்று பரோட்டா மாஸ்டர் செல்வகுமார் டிவியைத் திட்டினான்.

தொடர் முடிந்ததும் அவனே எழுந்து நின்றான். பால்கனிக் கொடியில் காயப்போட்ட அவன் சட்டை மூன்றாவது முறையாகக் காணாமல் போயிருந்தது.

"பின்னால பால்கனில கேமரா மாட்டிருவோம். எல்லாரும் போன்லயே பாத்துக்கலாம். கை தூக்குங்க."

எங்கள் வீட்டில் எதற்கும் இந்தக் கை தூக்கல்தான். ஏழு கைகள் எழுந்தன.

நான் மட்டும் தூக்கவில்லை. தினமும் நான்கு மணிக்கு, வீட்டில் தனிமை கிடைக்கும் ஒரே இடமான அந்தப் பால்கனியில் நின்றுதான் ஊரில் இருக்கும் என் மனைவி இஷ்ரத்தை வீடியோவில் பார்ப்பேன். நான் தனியாக இருக்கிறேன் என்று சொன்னால்தான் முக்காட்டை எடுப்பாள். அவள் கூந்தலைப் பார்க்கும் அந்தப் பத்து நிமிடத்துக்காகத்தான் மற்ற நேரமெல்லாம் எச்சில் இலை எடுக்கிறேன்.

"வேணாம்" என்றேன்.

"ஏன் நஜ்மு? மறைக்க என்ன இருக்கு? திருடனுக்குத்தான் பயம் லா" என்றான் செல்வகுமார்.

காரணத்தை எப்படிச் சொல்வது? ஏழு ஆண்களிடம் அவள் கூந்தலைப் பற்றிப் பேசுவதே அதைத் திறந்து காட்டுவதுதானே! டிவியில் அழுதவளுக்காக உருகிய அதே புண்ணியவான்கள் மறுநாள் காலையிலேயே கேமராவை மாட்டிவிட்டார்கள்.

நான்கு மணிக்கு இஷ்ரத் அழைத்தாள். தனியாகத்தான் இருக்கிறேன் என்று பொய் சொல்ல ஆசையாக இருந்தது. நாக்கு எழவில்லை.

"புள்ள, மேல கேமரா வச்சிருக்காங்க. ஏழு பேரு பாப்பாங்க."

முக்காட்டை இன்னும் முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"அப்ப படத்தை நிறுத்திருங்க மச்சான். பேச்சு மட்டும் போதும்."

நிறுத்தினேன். கேமராவுக்கு முதுகைக் காட்டி, போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"முக்காட்டை எடுத்துட்டேன்" என்றாள். கூந்தலில் சீப்பு இழுபடும் சத்தம் கேட்டது. ஒரு தடவை பார்த்தால் போதும் என்று நெஞ்சு கிடந்து தவித்தது.

"ஒரு நரை வந்திருக்கு மச்சான்."

"எந்தப் பக்கம்?"

"வந்து பாத்துக்குங்க."

நான் ஊருக்குப் போக இன்னும் பதினான்கு மாதம் இருக்கிறது.