நானூறு வடக்கு

பள்ளிக் கூடைப்பந்து அணியில் நான்கு வருடம் பந்தை நடத்தியவள் டெலியா ஹோலன்பெக். அந்த நான்கு வருடத்தில் களத்தில் அவள் பேசியதையெல்லாம் சேர்த்தாலும் ஒரு தபால் அட்டை நிரம்பாது. பேச வேண்டியிருக்கவில்லை. ஐந்து பெண்களும் மூன்றாம் வகுப்பிலிருந்து சேர்ந்து ஆடியவர்கள். ஒருத்தி மூச்சு வாங்குவதை வைத்தே அவள் எந்தப் பக்கம் ஓடுவாள் என்று மற்றவளுக்குத் தெரிந்துவிடும்.

கல்லூரியில் அந்த மௌனம் செல்லுபடியாகவில்லை. செப்டம்பரிலிருந்து அவள் எறிந்த நல்ல பந்துகள் பலவும், ஆள் வந்து சேராத இடத்தில் போய் விழுந்தன. திங்கள்கிழமை பயிற்சி முடிந்ததும் கோச் ஸ்ட்ரௌட் அவளை நிறுத்தினார்.

"உன் கை நல்லா இருக்கு. கண்ணும் நல்லா இருக்கு. வாயை மட்டும் வீட்லயே வெச்சுட்டு வந்துட்ட."

"சரி, கோச்."

"இதத்தான் சொல்றேன். வெள்ளிக்கிழமை முதல் மேட்ச்சுக்கு பஸ் கிளம்புது. வியாழக்கிழமைக்குள்ள மத்த நாலு பேருக்கும் உன் குரல் கேக்கணும். இல்லன்னா இந்த வருஷம் முழுக்க நீ வெளிய பெஞ்சுலதான். அடுத்த வருஷம் பாக்கலாம்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவளை உறுத்தியது.

மறுநாள் பயிற்சி ஆட்டத்தில் இரண்டு பேர் அவளை மூலையில் மடக்கினார்கள். ஏதாவது சொல்ல வேண்டும். வாயைத் திறந்தாள். வந்தது பழைய வார்த்தை.

"நானூறு வடக்கு!"

யாரும் அசையவில்லை. அவள் எறிந்த பந்து காலி நாற்காலிகளுக்குள் உருண்டது. அவள் பக்கம் ஆடிய கேரி நகரத்துக்காரி ஷானிஸ் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"ஏய் சோளம், யாருக்குடி வழி சொல்ற?"

எல்லோரும் சிரித்தார்கள். சோளக்காட்டு ஊரிலிருந்து வந்தவள் என்பதால் முதல் வாரமே வைத்த பெயர் அது. டெலியா பந்தை எடுக்கப் போனாள். வேண்டுமென்றே மெதுவாகப் போனாள்.

புதன்கிழமை காலை உணவுக்கூடத்தில் ஷானிஸ் தன் தட்டோடு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"அந்த நானூறு என்னன்னு சொல்லு. ராத்திரியெல்லாம் மண்டையில ஓடுச்சு."

டெலியா தன் தட்டை ஒதுக்கி வைத்தாள். பிறகு உப்புப் புட்டியை நகர்த்தினாள்.

"ரோடு. எங்க ஊர்ல ரோட்டுக்குப் பேரு கிடையாது, நம்பரும் திசையும்தான். எங்க டீம்ல பெத்னு ஒருத்தி. அவ வீடு நானூறு வடக்குல. அங்க ஆத்து வெள்ளத்துல பாலம் அடிச்சுட்டுப் போயி பன்னெண்டு வருஷமாச்சு, இன்னும் கட்டல. புதுசா வர்றவங்க வேகமா வந்து, பாலம் இல்லன்னதும் சட்டுன்னு வண்டியைத் திருப்புவாங்க." உப்புப் புட்டியைத் தன்னை நோக்கி இழுத்து, பட்டென்று திருப்பி, சாஸ் புட்டியின் பக்கம் தள்ளினாள். "அதையே நாங்க ஆட்டத்துல வெச்சோம். பந்தை வாங்க வர்ற மாதிரி என்கிட்ட ஓடி வரணும். காவலுக்கு நிக்கறவ கூடவே வருவா. நீ திரும்பி கூடைக்கு ஓடணும். பந்து அங்க இருக்கும்."

"இவ்ளோ வார்த்தை உனக்குள்ளயாடி இருந்துச்சு?" ஷானிஸ் உப்புப் புட்டியைப் பார்த்தாள். "சரி, பாலம் எந்த இடத்துல?"

"அது தெரிஞ்சிரும்."

"பெத்துக்குத் தெரியும். எனக்கு எப்படித் தெரியும்? நீ சொன்னாத்தான்."

டெலியா உப்புப் புட்டியைப் பழைய இடத்தில் வைத்தாள். அன்று முழுவதும் அந்தக் கேள்வி கூடவே நடந்தது. பெத்துக்கு எதையும் சொல்ல வேண்டியிருந்ததில்லை என்பது தன் திறமை என்றே இத்தனை நாள் நினைத்திருந்தாள். அது பெத்தின் தயவாகவும் இருந்திருக்கலாம்.

வியாழக்கிழமை பயிற்சி ஆட்டத்தில் எதிரே நின்றவர்களும் சொந்த அணிக்காரிகளே. கல்லூரியின் வியூகங்கள் எல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். டெலியா எதைச் சொன்னாலும் அங்கே முன்னதாகவே போய் நின்றார்கள். கோச் கடிகாரத்தைப் பார்த்தார்.

"நானூறு வடக்கு," என்றாள் டெலியா.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஷானிஸ் சிரிக்கவில்லை. கையை நீட்டியபடி அவளை நோக்கி ஓடி வந்தாள். அவள் முதுகோடு ஒட்டிக்கொண்டு காவல்காரியும் வந்தாள். நான்கடி, மூன்றடி. திரும்ப வேண்டிய இடம் டெலியாவுக்குத் தெரிந்தது. ஷானிஸின் கண்களில் அது இல்லை. அவை டெலியாவின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"பாலம்!"

ஷானிஸ் திரும்பினாள். காவல்காரி இன்னும் இரண்டடி முன்னே ஓடினாள். தரையில் ஒருமுறை பட்டு எழும்பிய பந்து ஷானிஸ் கைக்குப் போய், கூடைக்குள் விழுந்தது.

கோச் விசில் ஊதினார். "பாலமா? எந்தப் பாலம்?"

டெலியா சொன்னாள். எல்லோரும் கேட்க, ஆற்றிலிருந்து ஆரம்பித்து, நின்று நின்று சொன்னாள்.

"எல்லாரையும் ஓட வை," என்றார் கோச். "ஒவ்வொருத்திக்கும் பாலத்தை நீதான் சொல்லணும்."

வெள்ளிக்கிழமை பஸ்ஸில் ஷானிஸ் அவள் பக்கத்து இருக்கையில் சாய்ந்தாள்.

"போய்ச் சேர நாலு மணி நேரம் ஆகும், சோளம். அதுவரைக்கும் பேசாம வா. தொண்டைக்கு ரெஸ்ட்டு."

"சரி," என்றாள் டெலியா. ஜன்னலுக்கு வெளியே அறுவடை முடிந்த சோளக்காடுகள் ஓடின.