மதாம் போட்ட ஐந்தாவது குட்டி

புதுச்சேரி லாஸ்பேட்டையில் வசந்தா வீட்டு நாய் ஐந்து குட்டி போட்டது. முதல் குட்டி கிளிப்பச்சை, இரண்டாவது குங்குமச் சிவப்பு, மூன்றாவது மஞ்சள், நான்காவது மயில்நீலம். ஐந்தாவதுக்கு நிறமே இல்லை. அதன் வயிற்று வழியாகப் பார்த்தால், அடியில் விரித்திருந்த அரிசிக் கோணியில் அச்சடித்த எழுத்தைப் படிக்க முடிந்தது. அன்றைக்குத் தெருவில் குழாயில் தண்ணீர் வரவில்லை. அதனால் பாதிப் பேர் தண்ணீர் லாரிக்குப் போய்விட்டார்கள், மீதிப் பேர்தான் வந்து பார்த்தார்கள். பச்சை நல்லா இருக்கு, நீலம்தான் கொஞ்சம் அழுத்தம் என்று புடவைக் கடையில் நிற்கிற மாதிரி பேசிவிட்டுக் காபி குடித்துப் போனார்கள்.

தாய் நாயின் பெயர் மதாம். காக்கர் ஸ்பானியலும் பூடிலும் கலந்த கிராஸ். இந்தக் கலப்புக்குக் காக்கப்பூ என்று யாரோ பெயர் வைத்திருக்கிறார்கள், அவர்களுக்கு வேறு வேலை இருந்திருக்காது. சுருட்டை முடி, ஆப்ரிகாட் நிறம், அதாவது நம் கணக்கில் பால் தூக்கலாகப் போட்ட டீ. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பெரியவர், மகன் கூப்பிட்டானென்று பாரீசுக்கே போனபோது வசந்தாவிடம் விட்டுப் போனது. அதற்குத் தமிழ் ஏறவே இல்லை. ‘அசி’ என்றால் உட்காரும், ‘வியேன்’ என்றால் வரும், ‘வா’ என்றால் நம்மை ஏற இறங்கப் பார்க்கும். வசந்தா அந்த நாய்க்காகப் பத்துப் பிரெஞ்சு வார்த்தை கற்றுக்கொண்டாள். கட்டின புருஷனுக்காக அவள் மாமியார் வீட்டுக் குழம்பைக்கூடக் கற்றுக்கொள்ளவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

அந்தப் புருஷன் அருள்முருகன், சேதராப்பட்டில் பிளாஸ்டிக் குடம் செய்கிற கம்பெனியில் சாயம் கலக்கிறவர். நிறம் என்றால் மனுஷனுக்குப் பைத்தியம். பூடில் கிராஸில் ஃபான்டம் என்று ஓர் அபூர்வ நிறம் உண்டு. உடம்பெல்லாம் சாக்லேட், புருவத்திலும் பாதத்திலும் மட்டும் இளம்பழுப்பு. அதைத் தன் வீட்டில் பிறக்க வைக்காமல் ஓயமாட்டேன் என்று கிளம்பினார். ஆப்ரிகாட் நிறம் போர்வை மாதிரி, அடியில் எந்த நிறம் ஒளிந்திருக்கிறதென்று குட்டி போட்டால்தான் தெரியும் என்று எங்கோ படித்தார். மாதக் காலண்டரின் முதுகில் கட்டம் போட்டு, எந்த ஜீன் யாரிடமிருந்து வரும் என்று பெரிய எழுத்தும் சின்ன எழுத்துமாக எழுதி, சென்னைக்குப் போய் ஒரு சாக்லேட் ஃபான்டம் பூடிலைப் பார்த்துப் பேசி முடித்தார். சொந்த மகன் ராஜாவுக்குக் காலேஜில் சீட் பார்க்கக்கூட அவர் இத்தனை அலைந்ததில்லை.

மதாமுக்கு வயிறு தெரிந்ததும் வளைகாப்பு போடலாமென்று ஆரம்பித்தது எதிர்வீட்டு நிர்மலாதேவி. சும்மா கிண்டலுக்குத்தான் சொன்னாள். வசந்தா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். காரணம் தெருவுக்கே தெரியும், ஆனால் யாரும் வாய் திறப்பதில்லை. வசந்தாவுக்கு வளைகாப்பு நடக்கவில்லை. வீட்டை எதிர்த்து அருள்முருகனைக் கட்டிக்கொண்டவள். வளையலும் ஐந்து வகைச் சோறும் எடுத்துக்கொண்டு தாய்வீடுதான் வரவேண்டும், அவர்கள் வரவில்லை. தாய்வீடு ஒன்றும் தூரத்தில் இல்லை, இதோ கருவடிக்குப்பம், ஸ்கூட்டர் சூடாவதற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். அங்கே அண்ணன் கலியபெருமாள் வளையல் கடை வைத்திருந்தார். பதினெட்டு வருஷமாகப் பேச்சில்லை. அம்மா செத்ததையே வசந்தா, சுவரில் ஒட்டின கண்ணீர் அஞ்சலி போஸ்டரைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள். மகள்கள் வரிசையில் அவள் பெயர் இல்லை. அந்தப் போஸ்டர் மழையில் கரைந்து போகிறவரை அந்தப் பக்கம் போகாமல் சுற்றிப் போனாள், பாவம். ஆனாலும் அவள் கைக்கு வளையல் மட்டும் அண்ணன் கடையிலிருந்துதான் வந்தது, நிர்மலாதேவி போய் வாங்கி வருவாள். யாருக்கென்று கலியபெருமாளுக்குத் தெரியும். கேட்கமாட்டார். இரண்டு வளையல் கொசுறு வைத்துக் கட்டிக் கொடுப்பார், அவ்வளவுதான்.

வளைகாப்பு ஒழுங்காகத்தான் நடந்தது. மதாமை மனையில் உட்கார வைத்து, சந்தனம் பூசி, நலங்கு வைத்தார்கள். நாலு பெண்கள் நாலு நிற வளையலை முன்னங்காலில் மாட்டிக் கழற்றினார்கள். நிர்மலாதேவி கிளிப்பச்சை, மற்றவர்கள் சிவப்பு, மஞ்சள், மயில்நீலம். ஐந்தாவது தட்டு தாய்வீட்டுத் தட்டு. அங்கேதான் சிக்கல் வந்தது. நாய்க்குத் தாய்வீடு எது? பெரியவர் பாரீசில் இருக்கிறார். பெற்ற தாய் எந்த ஊரில் எந்தச் சோபாவில் படுத்திருக்கிறதோ. வளர்த்தவள் வசந்தா, அப்போது அவள்தான் தாய்வீடு, அவளே போடட்டும் என்றாள் ஒருத்தி. தாய்வீட்டு வளையல் ஏறாத கை எப்படி இன்னொன்றுக்குத் தாய்வீட்டு வளையல் போடும் என்று நிர்மலாதேவி சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு நாக்கைக் கடித்து என்ன பயன். ஐந்தாவது தட்டு காலியாகவே மனைக்கு முன்னால் இருந்தது. பரவாயில்லை, நாய்தானே என்று சொல்லி எல்லாரும் புளிசோறு சாப்பிட்டார்கள். மதாம் தயிர்சோறு மட்டும் சாப்பிட்டது.

குட்டிகள் அந்த நிறங்களில் பிறந்த பிறகு அருள்முருகன் ஒரு வேளை சாப்பிடாமல் இருந்தார், பிறகு சாப்பிட்டார். டாக்டர் இஃப்ஃபத் வந்து பார்த்தாள். கால்நடை டாக்டர், பொறுமைசாலி. நாய் முடிக்கு மொத்தமே இரண்டு சாயம்தான், ஒன்று கறுப்பு, ஒன்று செம்மஞ்சள், கறுப்பு மாறினால் சாக்லேட், வெளுத்தால் வெள்ளி, செம்மஞ்சள் வெளுத்தால் ஆப்ரிகாட், இதில் பச்சைக்கு இடமே இல்லை என்று மடியில் பச்சைக் குட்டியை வைத்துக்கொண்டே விளக்கினாள். குட்டிகளின் கன்னத்துக்குள் பஞ்சால் துடைத்துப் பரிசோதனைக்கு அனுப்பினாள். ஐந்துமே சாக்லேட் ஃபான்டம் என்று முடிவு வந்தது. அருள்முருகன் காகிதத்தில் ஜெயித்துவிட்டார். அந்த முடிவைக் கண்ணாடி போட்டு மாட்டி, அதற்குக் கீழே நின்று மயில்நீலக் குட்டிக்குப் பால் ஊற்றினார்.

நாலு குட்டிகளுக்கும் போட்டி போட்டுக்கொண்டு ஆள் வந்தார்கள். டாக்டர் எல்லாரிடமும் ஒன்றைச் சொல்லித்தான் அனுப்பினாள்: பூடில் ரத்தத்தில் வெளுக்கிற ஜீன் ஒன்று உண்டு, பிறந்தபோது இருக்கிற நிறம் கடைசிவரை இருக்காது, அப்புறம் என்னைக் கேட்கக்கூடாது. அப்படியே ஆயிற்று. கிளிப்பச்சை, வேகவைத்த பீன்ஸ் நிறத்துக்கு வந்தது. சிவப்பு ரோஸானது. யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, வீட்டுக்கு அடித்த பெயிண்டே இந்த ஊர் உப்புக்காற்றில் எத்தனை நாள் நிற்கிறது.

வீட்டில் மிஞ்சியது ஐந்தாவதுதான். அந்தக் கண்ணாடிக் குட்டியை வசந்தா யாருக்கும் கொடுக்கவில்லை. பால் குடித்தால் தொண்டையிலிருந்து வயிறுவரை வெள்ளையாய் ஒரு கோடு இறங்குவது தெரியும், அதைப் பார்க்கவே பக்கத்துத் தெருவிலிருந்து ஆள் வரும். ஆனால் வெளுக்கிற ஜீன் அதன் உடம்பிலும் இருந்தது. வெளுக்க அதற்கு ஒரு நிறம் வேண்டுமே. நிறம் கிடைக்காததால் அது குட்டியையே வெளுக்க ஆரம்பித்தது. முதலில் விளிம்பு போனது. பிறகு பால்கோடு போனது. அருள்முருகன் மஞ்சள் பூசினார், மருதாணி வைத்தார், கம்பெனியிலிருந்து குடத்துச் சாயம் கொண்டுவந்து தடவினார். எல்லாம் தரையில் வழிந்ததே தவிர குட்டியில் ஒட்டவில்லை. யாராவது மிதித்துவிடக் கூடாதென்று வசந்தா அதன் கழுத்தில் சலங்கை கட்டினாள். கொஞ்ச நாளில் சலங்கை மட்டும் வீடு முழுக்க ஓடியது. ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் சலங்கை பீரோவுக்கு அடியில் கிடந்தது. கழுத்து அதைத் தாங்கவில்லை. வசந்தா தரையில் குப்புறப் படுத்துக் கையால் துழாவினாள். விரல் நுனியில் ஈரமாக ஒரு மூக்கு பட்டது, அந்த ஈரமும் பனித்துளி அளவுதான் இருந்தது. நாளைக்கு இதுவும் இருக்காது என்று டாக்டர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவளுக்குக் கோபம் வந்தது. யார்மேலென்று அவளுக்கே நன்றாகத் தெரியும்.

தனக்காக என்றால் வசந்தா செத்தாலும் அந்தக் கடைப் படி ஏறியிருக்கமாட்டாள். குட்டியைத் துண்டில் சுற்றி, ஒயர்க்கூடையில் வைத்து, ஸ்கூட்டரை எடுத்தாள். கலியபெருமாள் கடையில் வளையல் அளவுக் கட்டையைத் துடைத்துக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் பார்த்த கறுப்புத் தலையைத் தேடி அவள் ஒரு நிமிஷம் ஆளைத் தவறவிட்டாள். அவர் அவளைத் தவறவிடவில்லை. கட்டையைக் கீழே வைத்தார். அவள் கூடையைக் கண்ணாடி மேஜைமேல் வைத்தாள். துண்டு விலகியது. உள்ளே ஒன்றும் இல்லை. மேஜைக் கண்ணாடியில் மட்டும் சின்னதாக ஈரத் தடம் ஒன்று விழுந்து, உலர்ந்து, பக்கத்தில் மறுபடி விழுந்தது.

நடந்ததையெல்லாம் வசந்தா ஒரே மூச்சில் சொன்னாள், மளிகைச் சாமான் சொல்கிற மாதிரி. நாய் வளைகாப்பு, காலித் தட்டு, ஐந்தாவது குட்டி. தாய்வீட்டு வளையல் என் கையில் ஏறினால்தான் நான் இதற்குப் போட முடியும், போட்டுவிடு, போய்விடுகிறேன் என்றாள். கலியபெருமாள் சிரிக்கவில்லை. ஸ்டூல் போட்டு ஏறி, மேல்தட்டில் பிள்ளையார் படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். பழைய பேப்பர், மேலே தூசி இல்லை, வருஷா வருஷம் யாரோ துடைத்திருக்கிறார்கள். உள்ளே அரக்கு நிறத்தில் கண்ணாடி வளையல்.

“நீ முழுகாம இருக்கன்னு தெரிஞ்சப்பவே எடுத்து வெச்சேன்” என்றார்.

“எடுத்து வெச்சா ஆச்சா? கொண்டாந்திருக்கணும்.”

“ஆமா. கொண்டாந்திருக்கணும்.”

அதற்குமேல் அவர் சமாதானம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வசந்தா கூடையைத் தூக்கிக்கொண்டு போயிருப்பாள். கையை நீட்டினாள்.

வளையல் அன்றைய வசந்தாவின் அளவு. இன்றைய வசந்தாவின் கை துணி துவைத்து, மாவு பிசைந்து, நாய் குளிப்பாட்டி இரண்டு சுற்று பெருத்திருந்தது. பெரிய அளவில் வேறு தரட்டுமா என்று எந்தக் கடைக்காரரும் கேட்பார். இவர் கேட்கவில்லை. சோப்புத் தண்ணீர் கொண்டுவந்து, அவள் விரல்களைச் சேர்த்துப் பிடித்து, கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, வளையல்காரர்களுக்கே உரிய அழுத்தத்தில் ஏற்ற ஆரம்பித்தார். முதல் வளையல் உடைந்தது. இரண்டாவதும் உடைந்தது.

“கைய தளர்த்து” என்றார்.

“தளர்த்திட்டுதான் இருக்கேன்.”

“இல்ல. இறுக்கி வெச்சிருக்க.”

வசந்தா அழுதாள். வளையல் வாங்க வந்த ஓர் அம்மாள் பார்த்துவிட்டு, வலிக்கத்தான் செய்யும், கொஞ்சம் பொறுத்துக்கோ என்று தைரியம் சொன்னாள். அழுகிறவளின் கை தானாகத் தளர்ந்துவிடும், அது கலியபெருமாளின் தொழிலில் தெரிந்த விஷயம். ஆனால் அவருக்கும் கண்ணீர் கண்ணை மறைத்ததால் மூன்றாவதையும் உடைத்தார். பிறகு ஏறியது. ஒன்று ஏறினதும் மற்றவை கஷ்டப்படுத்தவில்லை. வசந்தா மூக்கைத் துடைத்துக்கொண்டு, மிச்சமிருந்த ஒரே ஒரு வளையலை எடுத்து, ஈரத் தடத்துக்குப் பின்னால் துழாவி ஒரு காலைப் பிடித்து மாட்டினாள். வளையல் அந்தரத்தில் நின்றது. அதிலிருந்து அரக்கு நிறம் மெல்ல மேலே ஏறியது, ஈரத் துணியில் சாயம் ஏறுகிற மாதிரி. கால், மார்பு, சுருட்டைக் காது, கடைசியில் வால். புருவத்திலும் பாதத்திலும் மட்டும் இளம்பழுப்பு நின்றது. குட்டி ஒரு தும்மல் போட்டது. வளையல் வாங்க வந்த அம்மாள், அதே அரக்கில் தனக்கும் ஒரு டஜன் கேட்டாள்.

அன்றைக்கு ஃபான்டத்தைப் பார்த்து அருள்முருகன் ஆடின ஆட்டத்தைத் தெரு இன்னும் மறக்கவில்லை. குட்டிக்கு ஊசி போட்ட அட்டையில் நிறம் என்ற இடத்தில் டாக்டர் இஃப்ஃபத் கொஞ்சம் யோசித்தாள், அரக்கு என்று எழுதினாள், அடுத்த நாயைக் கூப்பிட்டாள். இதுவும் வெளுக்கும் என்று சொல்லி வைத்திருந்தாள். மற்ற நாலும் வெளுத்துச் சாம்பல் நிறமாகிவிட்டன. இது வெளுக்கவில்லை, அவளும் அந்தப் பேச்சை விட்டுவிட்டாள். மதாம் மறுபடி வயிறு தள்ளினபோது, ஐந்து வகைச் சோறும் ஒரு கூடை வளையலுமாக முதல் ஆளாக வந்து இறங்கினது கலியபெருமாள்தான். இப்போது ஞாயிற்றுக்கிழமை தோறும் வருகிறார். தங்கச்சி பெயரைச் சொல்லிக் கூப்பிட இன்னும் கூச்சம், பதினெட்டு வருஷம் வாயில் வராத பெயர். அதனால் வாசல் கேட்டுக்கு வெளியே நின்று, இந்த வயதில் கற்றுக்கொண்ட ஒரே பிரெஞ்சு வார்த்தையில் ‘வியேன், வியேன்’ என்று நாயைக் கூப்பிடுவார். அரக்கு நாய் ஓடி வரும். அதற்கு முன்னால் வசந்தா வந்துவிடுவாள்.