பச்சைப் பொட்டு

எருமப்பட்டி ரோட்டில், சோளக்காடுகளுக்கு நடுவே, முட்டையை உடைத்துப் பொடியாக்கிக் கப்பலேற்றும் கம்பெனி ஒன்று இருக்கிறது. அங்கே ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் மயில்சாமிக்கு, முதலாளி எந்த நாட்டுக்காரன் என்று இன்றுவரை நிச்சயமாகத் தெரியாது. தெரிந்துதான் என்ன, சம்பளம் தேதி தவறாமல் வருகிறது. அந்த முதலாளிக்குத் திடீரென்று ஒரு வருடம் தொழிலாளிகளின் உடம்பைப் பற்றிய கவலை வந்துவிட்டது.

உலகத்தில் அந்தக் கம்பெனிக்கு எத்தனை கிளைகள் உண்டோ அத்தனையிலும் 'நலம்' திட்டம் ஆரம்பமானது. காலையில் யோகா, மதியம் சாப்பாட்டுமுறை பற்றிப் பேச்சு. யோகாவுக்கு நம் ஜனம் வந்தது சுண்டலுக்காக. சுண்டல் நின்றது, யோகாவும் நின்றது. எச்.ஆர். ஆபீசர் தனப்பிரியா, திருச்செங்கோட்டுப் பெண், நல்ல பெண்தான், மேலிடத்துக்குப் பதில் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனாள். உங்கள் கிளையில் மட்டும் ஏன் ஆள் சேரவில்லை என்று அவர்கள் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

கடைசியில் கேன்டீன் வாசலில் ஒரு போர்டு வைத்தாள். எல்லோருடைய பெயரும் இருந்தது, பக்கத்தில் ஆளுக்கொரு பொட்டு. பிரஷர் சரியாக இருந்தால் பச்சை, கொஞ்சம் ஏறினால் மஞ்சள், ரொம்ப ஏறினால் சிவப்பு. சாப்பாட்டுத் தட்டோடு வரிசையில் நிற்கிறவனுக்குப் படிக்க வேறென்ன இருக்கிறது? ஒரே வாரத்தில் கம்பெனி மொத்தமும் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு வந்து நின்றது.

சிவப்புப் பொட்டு விழுந்தால் வண்டிச் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். பாதுகாப்புக்குத்தான், அதில் தப்பில்லை. ஆனால் சாவியைக் கொடுத்த இன்னொரு டிரைவர் சிவபிரகாஷ் அட்டைப்பெட்டி மடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததையும், போகிறவர் வருகிறவரெல்லாம், "என்ன மாப்ள, பொட்டு வெச்சுட்டாங்களாட்டம்?" என்று கேட்டதையும், அவன் ரோசப்பட்டு, போர் போடும் ரிக் வண்டியேறி வடநாட்டுக்குப் போனதையும் மயில்சாமி கண்ணால் பார்த்தவன். அவனுக்கு அந்த வண்டிதான் மரியாதை. ஊரில் அவன் பெயரே ஃபோர்க்லிஃப்ட்காரர்.

முதல் சோதனையில் அவனுக்கு மஞ்சள் விழுந்தது.

"அடுத்த வாரம் மறுபடி பாக்கலாங்ணா," என்றாள் தனப்பிரியா. "உப்பக் கொறைங்க. அப்பவும் எறங்கலீன்னா டாக்டர்ட்டக் காட்டி மாத்திரை எடுத்துக்கலாம். ஒண்ணும் தப்பில்லீங்ணா."

"மாத்திரைக்கு என்னங் மேடம் வந்துச்சு? நானென்ன சீக்காளியாங்க?" என்று சிரித்துவிட்டு வந்தான். சிரிப்பு கேட் வரைக்கும்தான் வந்தது.

வீட்டில் மாத்திரை இருந்தது. மனைவி வசந்தாமணிக்கு இரண்டாவது பிரசவத்திலிருந்தே பிரஷர். மாதம் ஒருமுறை நர்ஸ் ஜெயப்பிரியா வாசலுக்கே வந்து மாத்திரை அட்டைகளைக் கொடுத்துவிட்டுப் போவாள். வசந்தாமணி அவற்றைச் சாமி மாடத்தில் ஒரு எவர்சில்வர் டப்பாவில் போட்டு வைப்பாள். மயில்சாமியும் தன் பெயரைச் சொல்லியிருந்தால் ஜெயப்பிரியா எழுதிக்கொண்டுதான் இருப்பாள். ஆனால் அவள் தம்பி இதே கம்பெனியில் பேக்கிங்கில் இருந்தான். விஷயம் மறுநாளே கேன்டீனுக்கு வந்துவிடும் என்று மயில்சாமி பயந்தான். அந்த வாரம் முழுக்க, வசந்தாமணி மாட்டுக்குத் தண்ணி காட்டப் போகிற நேரம் பார்த்து, காதும் காதும் வைத்த மாதிரி ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டான். பொட்டு பச்சையானது.

ஒரு வாரக் கூத்து என்றுதான் நினைத்தான். திட்டம் விடுகிறதாக இல்லை. மாதச் சோதனை வாரச் சோதனையானது. அப்புறம் கேட்டிலேயே ஒரு மெஷினை வைத்து, உள்ளே வரும்போதே தினமும் கையை விடச் சொன்னார்கள். எந்தப் பகுதியில் வருடம் முழுக்க எல்லாரும் பச்சையோ அந்தப் பகுதிக்குத் தலைமையகத்தின் விருது என்றும் அறிவித்தார்கள். "நீ கெடுத்துப்போடாத மயிலு," என்றான் குடோன் சூப்பர்வைசர் பூபதி.

ஒரு நாள் காலையில் டீ குடிக்க உட்கார்ந்தான். டம்ளர் பக்கத்தில், அட்டையிலிருந்து பிதுக்கி எடுத்த மாத்திரை ஒன்று தரையில் வெள்ளையாக இருந்தது. வசந்தாமணி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். அவனுக்கு முகத்தில் ஈயாடவில்லை. அவள் ஏதாவது கேட்பாள் என்று பார்த்தான், கேட்கவில்லை. எடுத்து வாயில் போட்டு டீயை ஊற்றிக்கொண்டான். மறுநாளும் மாத்திரை இருந்தது. அதற்கு மறுநாளும் இருந்தது.

உனக்கு இருக்குதா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் தான் மாத்திரை போடுவதை வாயால் ஒத்துக்கொண்ட மாதிரி ஆகும். நர்ஸ் அதிகமாவே கொடுக்கிறாளாட்டம் இருக்குது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். மாத்திரை அட்டை என்ன குட்டியா போடும்? டப்பாவைத் திறந்து பார்க்கவும் அவனுக்குத் தைரியம் வரவில்லை.

புரட்டாசியில் ஒரு முற்பகல், மாட்டுக்குச் சோளத்தட்டு அள்ளிக்கொண்டிருந்த வசந்தாமணி கட்டுத்தரையிலேயே விழுந்தாள். மயில்சாமியின் போன் கம்பெனி லாக்கரில் கிடந்தது. வேலை நேரத்தில் போன் கூடாது. மகள் கனிஷ்கா கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, பக்கத்துக் காட்டு ஆள்களை வைத்து ஆம்புலன்ஸ் ஏற்றினாள். அவன் நாமக்கல் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது வசந்தாமணிக்கு வலது பக்கம் முழுதும் விழுந்து, வாய் கோணி, பேச்சு நின்றிருந்தது.

"பிரஷர் மாத்திரைய நிறுத்திட்டாங்களா?" என்றார் டாக்டர்.

"அம்மா ஒரு நாளும் உடமாட்டாங்க சார்," என்றாள் கனிஷ்கா.

அன்று சாயங்காலம் துணி எடுக்க வீட்டுக்கு வந்த மயில்சாமி முதல் வேலையாக டப்பாவைத் திறந்தான். ஒரே ஒரு மாத்திரை கிடந்தது. மறுநாள் காலை அவன் டீக்கு என்று அவள் விட்டுவைத்தது அது. மாடத்தில் தலையை முட்டிக்கொண்டு, மாடு மிரண்டு கத்தும்படி அழுதான்.

அதன்பிறகு வசந்தாமணிக்குக் கனிஷ்கா மாத்திரை கொடுத்துவந்தாள், மயில்சாமி யாருக்கும் தெரியாமல் ஆஸ்பத்திரி வாசல் கடையில் தனக்கு வாங்கிப் போட்டுக்கொண்டான். விருது குடோனுக்கே வந்தது. தை மாதம் விழா வைத்தார்கள். சுவரை அடைத்த திரையில் தலைமையகத்து ஆட்கள் நேரலையில் உட்கார்ந்திருந்தார்கள். மஞ்சளிலிருந்து பச்சைக்கு வந்து வருடம் முழுக்க நின்றவர் என்று மயில்சாமியைப் பேச அழைத்தார்கள். அவன் சொல்வதைத் தனப்பிரியா இங்கிலீஷில் சொல்ல வேண்டும். "எப்படிச் சாதிச்சீங்கன்னு ரெண்டு வார்த்தை சொல்லுங்ணா, போதும்," என்று மைக்கைக் கொடுத்தாள்.

"எம் பொண்டாட்டி மாத்திரைய நா முழுங்குனனுங்க," என்றான் மயில்சாமி. "அதாங்க அந்தப் பச்சை. அவ மாத்திரையில்லாம உழுந்துட்டாளுங்க."

கூடத்தில் பூபதி தலையைக் குனிந்துகொண்டான். மேனேஜர் தனப்பிரியாவைப் பார்த்தார். திரையில் இருந்தவர்களும் முகத்தில் சிரிப்போடு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் இங்கிலீஷில் ஏதோ சொன்னாள். அதில் 'ஒய்ஃப்' என்றும் 'சப்போர்ட்' என்றும் இரண்டு வார்த்தை மயில்சாமிக்குப் புரிந்தது. திரையில் எல்லாரும் கைதட்டினார்கள், ஒரு அம்மாள் நெஞ்சில் கைவைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கூடத்தில் ஒருவரும் தட்டவில்லை.

பிறகு குடோனுக்கே தேடிக்கொண்டு வந்தாள் தனப்பிரியா. மூக்கெல்லாம் சிவந்திருந்தது. "நீங்க சொன்னத அப்படியே சொல்ல எனக்கு வாய் வல்லீங்ணா. நா வெச்ச போர்டுங்ணா அது."

"நீங்க என்னங் பண்ணுவீங்க மேடம். டாக்டர்ட்டக் காட்டச் சொன்னதும் நீங்கதானுங்க," என்றான். சொன்னது நிஜம்தான், அதனாலேயே அவனுக்கு இன்னும் வலித்தது.

அன்றைக்கே ஜெயப்பிரியாவைக் கூப்பிட்டு வாசலில் வைத்துத் தன் பெயரை எழுதச் சொன்னான். தெருவில் நாலு பேர் பார்த்தார்கள். "உங்களுக்குமுங்களா?" என்று ஒருவர் கேட்டார். அவரும் மூன்று வருடமாகச் சாப்பிடுகிறாராம். இவ்வளவுதானா என்றிருந்தது மயில்சாமிக்கு. இந்த ஒன்றுமில்லாததற்காகவா அவளைப் படுக்கையில் தள்ளினேன் என்று நினைத்து நினைத்து மாய்ந்தான்.

மறுநாள் காலை கட்டிலில் அவளை நிமிர்த்திச் சாய்த்து உட்காரவைத்தான். ஸ்டூலில் இரண்டு டம்ளர் டீ வைத்து, அவள் டம்ளர் பக்கத்தில் அவளுடைய மாத்திரையைப் பிதுக்கி வைத்தான். "போட்டுக்க சாமி," என்றான்.

வசந்தாமணி மாத்திரையைப் பார்த்தாள். அப்புறம் அவனைப் பார்த்தாள். நல்லாயிருந்த இடது கையைத் தூக்கி, விரலால் மாத்திரையை மெதுவாக நகர்த்தி அவன் டம்ளர் பக்கத்தில் கொண்டுபோய் விட்டாள்.

"அய்யோ, எனக்கு வேற இருக்குது புள்ள. இது உன்னுது." திரும்ப நகர்த்தினான். அவள் மறுபடியும் அவன் பக்கமே தள்ளிவிட்டு வாயை இறுக்க மூடிக்கொண்டாள்.

பையிலிருந்து தன் அட்டையை எடுத்து அவள் கண் முன்னால் பிடித்துக் காட்டினான். ஒன்றைப் பிதுக்கி நாக்கில் வைத்து, அவள் பார்க்க விழுங்கினான். டீயை ஊற்றி இறக்கினான். அது இறங்கியது தெரிந்த பிறகுதான் அவள் வாயைத் திறந்தாள்.