சக்கரம் கழுவிய கை

காலை எட்டரை மணிக்கே வேலாயுதத்தின் வாட்டர் சர்வீஸில் மூன்று கார்கள் வரிசையில் நின்றன. காஞ்சிபுரத்தில், பிள்ளையார்பாளையத்துத் தெரு ஒன்று பெரிய சாலையில் வந்து சேரும் முனையில் இருக்கிறது அந்தக் கடை. வேலாயுதம் பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்து டீ குடித்தபடி, தாமல் முனிசாமியிடம் தன் பழைய அம்பாசடர் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். முனிசாமிக்குக் கல்யாண மண்டபம் உண்டு, நான்கு கார்கள் உண்டு, நான்கும் வாராவாரம் இங்கேதான் குளிக்கும். ஆகவே வேலாயுதம் இந்தக் கதையை அவருக்கு வாராவாரம் சொல்வார்.

"தொண்ணூத்தி நாலுல வாங்கினேன்பா. வெள்ளை அம்பாசடர், வாடகை வண்டி. கல்யாணப் பட்டு எடுக்க ஆற்காட்டுலேர்ந்தும் வேலூர்லேர்ந்தும் குடும்பம் குடும்பமா வருவாங்க. கதவுல முகம் பார்த்து பொட்டு வச்சுக்கலாம், அப்படி வச்சிருந்தேன். எதால கழுவினேன் தெரியுமா? பூந்திக்கொட்டை. எங்கம்மா பட்டு அலச வாங்கி வச்சிருந்ததைத் தூக்கிக்கினு வந்துடுவேன். வெறும் கையாலதான் கழுவுவேன். பிரஷ்ஷு கிரஷ்ஷு ஒண்ணும் கிடையாது."

கதையில் பொய் இல்லை. கிணற்றடியில் வண்டியை நிறுத்தி, ஊறிய பூந்திக்கொட்டையைப் பிசைந்து நுரை எடுத்து, பழைய பனியனால் கூரையிலிருந்து கீழே வரைக்கும் தேய்த்துக்கொண்டு வருவார். கண்ணாடிக்கு நேற்றைய செய்தித்தாள். உள்ளே கண்ணாடியில் ஒரு முழம் மல்லிகை. பிறகு சன்னதித் தெரு ஓரமாக வண்டியைப் போட்டுவிட்டு, முதல் சவாரிக்காகக் காத்திருக்கும்போது கையை முகர்ந்து பார்ப்பார். நுரையும் ஈரமும் மல்லிகையும் கலந்து ஒரு வாசனை அடிக்கும். வண்டியை விற்றுப் பதினான்கு வருடம் ஆகிவிட்டது. அந்த வாசனையை நினைத்தால் இன்றைக்கும் அவர் கை தானாக மூக்குக்குப் போகும். அவரைக் கேலி செய்கிறவர்கள் கூட அந்த இடத்தில் அவரை விட்டுவிடுவார்கள்.

முனிசாமி அன்றைக்கு விடவில்லை.

"அதெல்லாம் சரிப்பா. என் வண்டி சக்கரத்தைப் பாரு. அலாய் வீல், வாங்கறப்போ வெள்ளி மாதிரி இருந்துது. இப்ப அடுப்புல வச்ச மாதிரி இருக்குது. காஞ்சிபுரத்துல வேற கடையே இல்லன்னு நினைச்சுக்கினு இருக்கியா?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் நான்கு கார் என்பது சின்ன விஷயம் இல்லை. அன்று மதியமே வேலாயுதம், கடை கடையாய்க் கேனில் திரவம் கொண்டுபோய்க் கொடுக்கும் பாலாஜிக்குப் போன் போட்டார்.

பாலாஜி ஒரு நீல நிறக் கேனைக் கொண்டுவந்தான். மேலே பெயர் இல்லை, சீட்டு இல்லை. "சக்கரத்துல அடிச்சு அஞ்சு நிமிஷம் விடுங்கண்ணா. பிரேக் தூசி, தார் கறை எல்லாம் கழண்டுக்கினு வரும்" என்றான். அவன் சொன்னபடியே வந்தது. சும்மா சொல்லக்கூடாது, பொருள் தேர்ந்தெடுப்பதில் வேலாயுதம் அசட்டை ஆசாமி இல்லை. ஷாம்பு பெயிண்டை மங்கவைக்கிறதா, பாலிஷ் ரப்பரை வெளுக்கிறதா என்று இரண்டு நாள் வைத்துப் பார்க்காமல் எதையும் வாங்க மாட்டார். இதையும் பழைய சக்கரம் ஒன்றில் ஊற்றி, இரண்டு நாள் கழித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு புள்ளி கூட விழவில்லை. இதைவிட என்ன வேண்டும்?

சக்கரம் தேய்ப்பது கலாவதியின் வேலை. நாற்பது வயதுக்காரி. பிள்ளையார்பாளையத்தில் வீட்டிலேயே தறி. காலையிலிருந்து ஒரு மணி வரை கார் கழுவுவாள். அதற்குப் பிறகு புருஷன் பஞ்சாட்சரத்தோடு தறியில் உட்காருவாள். உடலும் கரையும் தனித்தனி நிறமாய்க் கோர்க்கும் கோர்வைச் சேலைக்கு ஓர் ஆள் போதாது. நடுவே ஒருவர் நெய்ய, கரை நூலைக் கொண்டு ஓடும் நாடாவைப் பக்கத்திலிருந்து இன்னொருவர் தள்ள வேண்டும். அந்த இன்னொருவர் கலாவதிதான். இழை அறுந்தால் விரல் நுனியால் முறுக்கிச் சேர்ப்பதும் அவள்தான். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

நீலக் கேன் வந்த நான்காம் நாள் அவள் கேட்டாள்.

"அண்ணா, இது கையில பட்டா எரியுதுண்ணா. கிளவுஸ் ஒண்ணு வாங்கிக் குடுங்களேன்."

"ஏம்மா, நான் பதினேழு வருஷம் வெறுங்கையாலதான் கழுவினேன். என் கை என்ன தேய்ஞ்சா போச்சு?" என்றார் வேலாயுதம். குரலில் கோபம் இல்லை, பெருமைதான் இருந்தது. இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். கலாவதி அந்தக் கையைப் பார்த்துவிட்டு அடுத்த சக்கரத்துக்குப் போனாள். வேலை செய்கிற இடத்தில் ஒரு தடவைக்கு மேல் கேட்டுப் பழக்கம் இல்லாதவள் அவள்.

இரண்டாவது வாரம் நகக்கண் சிவந்தது. மூன்றாவது வாரம் விரல் நுனிகளில் தோல் வெடித்தது. விளக்கெண்ணெய் தடவிப் பார்த்தாள். காலையில் மறுபடி நான்கு சக்கரம், எட்டுச் சக்கரம், பன்னிரண்டு சக்கரம் என்று தேய்த்தால் எண்ணெய் எங்கே நிற்கும்?

ஒரு சனிக்கிழமை, கூட்டம் மிகுந்த நாளாய்ப் பார்த்து, அவள் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் வரவில்லை. போன் அடித்தால் எடுக்கவில்லை. வேலாயுதத்துக்குக் கோபம் வந்தது. பேன்ட்டை மடித்து விட்டுக்கொண்டு, "அந்தக் காலத்துல நாமளே கழுவலியா?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, நீலக் கேனைத் திறந்தார். இரண்டு நாளும் சக்கரம் முழுக்க அவர்தான் தேய்த்தார். முதல் நாள் உற்சாகமாகவே இருந்தது, ஏதோ பழைய கிணற்றடிக்கே திரும்பிப் போன மாதிரி. ஆனால் கையை முகர்ந்து பார்த்தபோது மூக்கு எரிந்தது. ஞாயிறு மதியம் சாம்பார் சோற்றைப் பிசைந்தவர் கையை உதறினார். விரலிடுக்கெல்லாம் காந்தியது. ஸ்பூனால் சாப்பிட்டார்.

திங்கட்கிழமை காலை கலாவதியின் வீட்டுக்கே கிளம்பிவிட்டார். அவளைக் கூப்பிடவேண்டும், கூடவே நன்றாக நாலு கேள்வி கேட்கவேண்டும் என்பது திட்டம்.

அந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் தறிச் சத்தம் கேட்டது. கலாவதி வீட்டில் மட்டும் கேட்கவில்லை. உள்ளே தறியில் ஒரு முகூர்த்தச் சேலை பாதியில் நின்றது. அரக்கு உடல், பச்சைக் கரை. பஞ்சாட்சரம் தறியின் ஓரத்தில் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். கலாவதி இரண்டு கையையும் மடியில் போட்டுக்கொண்டு, தறியை விட்டுத் தள்ளி, சுவர் ஓரமாக இருந்தாள்.

"வாங்கண்ணா" என்றார் பஞ்சாட்சரம்.

வேலாயுதம் கேட்க வந்த கேள்வி மறந்துபோனது. தறிக்காரர் வீட்டுப் பிள்ளை அவர். நல்ல பட்டைக் கண்டால் கை தானாகப் போகும். "அடேங்கப்பா, என்ன நெசவுப்பா" என்று சொல்லிக்கொண்டே சேலையின் மேல் விரலை வைக்கப் போனார். பஞ்சாட்சரம் சட்டென்று அவர் மணிக்கட்டைப் பிடித்தார்.

"அண்ணா, முதல்ல கையைக் காட்டுங்க."

அதட்டலாகச் சொல்லவில்லை. தறிக்காரர் வீடுகளில் வழக்கமாகச் சொல்கிற சொல் அது. சொரசொரப்பான விரல் பட்டால் பட்டின் இழை மாட்டிக்கொண்டு மேலே எழும்பும். எழும்பினால் எழும்பினதுதான். அதனால் தறியில் நீட்டிக் கட்டிய பாவு நூலில் கை வைக்கும் முன், பெற்ற பிள்ளையானாலும் கையைக் காட்டியாக வேண்டும்.

வேலாயுதத்தின் அம்மா காமாட்சியம்மாள் அப்படித்தான் கேட்பாள். கல்யாணம் ஆகி, சொந்தமாகக் கார் வாங்கின பிறகும் கேட்பாள். "எங்க, கையைக் காட்டு." அவருடைய பத்து விரலையும் ஒவ்வொன்றாகத் தன் கட்டைவிரலால் தடவிப் பார்ப்பாள். எங்கேயாவது நெருடினால் தவிட்டைத் தேய்த்து, தேங்காயெண்ணெய் தடவி, அரை மணி உட்காரவைப்பாள். பூந்திக்கொட்டையை அவர் எடுத்துப்போவது அவளுக்குத் தெரியும். "வேற எந்தச் சனியனையும் கையில தொடாதே, இதையே எடுத்துக்கினு போ" என்று அவளே ஒரு பிடி அதிகமாக ஊறப்போட்டு வைப்பாள்.

இத்தனை வருடமாக வண்டியின் பளபளப்பை நினைத்தார், மல்லிகையை நினைத்தார், கை வாசனையை நினைத்தார். அந்தக் கையைப் பிடித்துப் பார்த்த அம்மாவை விட்டுவிட்டார். ஞாபகத்திலும் மனிதன் தனக்குத் தோதானதை மட்டும்தான் எடுத்து வைத்துக்கொள்கிறான். அம்மா விரல்களின் சூடு இப்போது தன் கையில் படுவது போல இருந்தது. கண் கலங்கிவிட்டது.

அவர் கையைக் காட்டினார். இரண்டே நாளில் விரல் நுனித் தோல் வெள்ளையாய் உரிந்திருந்தது.

"உங்களுக்கு ரெண்டு நாளு" என்றார் பஞ்சாட்சரம். "இவளுக்கு நாலு வாரம்ணா. விரல்ல இழை மாட்டிக்கினு மாட்டிக்கினு, சேலையில ரெண்டு முழத்துக்கு இழை மயிர் மயிரா எழும்பிடுச்சு. ஆர்டர் குடுத்தவர் நேத்து வந்து பார்த்துட்டாரு. இவ கை படக்கூடாதுன்னு சொல்லிட்டாரு. இருபது வருஷத்துல இவளை அப்படி யாரும் சொன்னதில்லை."

வேலாயுதம் கலாவதியைப் பார்த்தார். "ஏம்மா இன்னொரு தடவை சொல்லக்கூடாதா?"

"வண்டி எடுக்க வர்றவங்க, எங்கனா கீறல் இருக்குதான்னு சுத்திச் சுத்திப் பார்க்கறாங்க" என்றாள் கலாவதி. "நீங்களும் பார்க்கறீங்க. கழுவின கையை யாருண்ணா பார்த்தீங்க?"

வெறுங்கையால் கழுவினேன், வெறுங்கையால் கழுவினேன் என்று ஊருக்கெல்லாம் சொன்னார். அந்த வெறுங்கை எதில் நனைந்தது என்பதை யோசிக்கவில்லை. தண்ணீரில் கலப்பதை மாற்றிவிட்டு, கையை மட்டும் பழையபடியே விட்டுவைத்தார். அவமானமாக இருந்தது. "தப்பு என்னுதும்மா" என்று மட்டும் சொன்னார். அன்றே அவளைத் தோல் டாக்டரிடம் அழைத்துப்போனார். ஆசிட் பட்ட கை என்றார் டாக்டர்.

மறுநாள் பாலாஜியைக் கூப்பிட்டு, மிச்சமிருந்த நீலக் கேன்களை அவன் வண்டியிலேயே ஏற்றினார். "இதுல என்ன கலந்திருக்குது? எழுதின சீட்டு எங்க?" என்று கேட்டார்.

"அதெல்லாம் யாரும் கேக்கறதில்லண்ணா" என்றான் அவன். உண்மையைத்தான் சொன்னான்.

வேலாயுதம் அதற்குப் பிறகு கேட்டார். என்ன கலந்திருக்கிறது என்று மேலே எழுதாத எதையும் கடைக்குள் விடவில்லை. ஆசிட் கலக்காத சக்கர சோப்பு ஒன்றைத் தேடிப் பிடித்தார். கொஞ்சம் அதிக நேரம் தேய்க்க வேண்டும், அவ்வளவுதான். நீளக் கைப்பிடி பிரஷ் வாங்கினார், முழங்கை வரை வரும் கையுறை வாங்கினார். கை ஆறும் வரைக்கும் கலாவதிக்குச் சோப்பைத் தொடாத வேலை, அதே சம்பளம். ஆனால் அந்த முகூர்த்தச் சேலையை வேறொரு பெண்தான் பஞ்சாட்சரத்தோடு உட்கார்ந்து முடித்தாள். அதை வேலாயுதத்தால் திருப்பித் தர முடியவில்லை.

அடுத்த வாரம் முனிசாமி வந்தார். கார் கழுவி நின்றது. அவர் வழக்கம்போல ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, குனிந்து சக்கரத்தைப் பார்த்தார்.

"என்னப்பா, போன வாரம் கண்ணாடி மாதிரி இருந்துது. இப்ப ஓரத்துல கறுப்பு தெரியுது."

"அவ்ளோதான் போகும்."

"அந்த நீலக் கேன் என்னாச்சு?"

"திருப்பிக் குடுத்துட்டேன்."

"அப்ப நான் வேற கடை பார்த்துக்கவா?"

ஒரு மாதத்துக்கு முன்னால் இந்தக் கேள்விக்கு வேலாயுதம் நாற்காலியை விட்டு எழுந்திருப்பார். இப்போதும் எழுந்தார். முனிசாமியின் பக்கத்தில் வந்து நின்றார்.

"பாருங்க. தாராளமா போங்க. ஆனா போற கடையில வண்டியைப் பார்க்கறதுக்கு முன்னாடி கழுவறவங்க கையைப் பாருங்க. வண்டிக்கு எது நல்லதுன்னு இத்தனை நாளா தேடித் தேடி வாங்கினேன். வண்டிக்கு வலிக்காது முனிசாமி. ஒரு சாமானை வாங்கினா, அது கழுவற கையை என்ன பண்ணும்னுதான் முதல்ல கேக்கணும். அதைக் கேக்காதவன் எதை வாங்கினாலும் அழுக்கைத்தான் வாங்கறான். இதுக்கு மேல உங்க சக்கரம் பளபளக்கணும்னா, யார் கையாவது வேகணும். அது என் கடையில வேகாது."

வரிசையில் அடுத்து நின்ற வண்டிக்காரர் தன் சக்கரத்தைப் பார்த்தார், பிறகு அதைத் தேய்த்துக்கொண்டிருந்த புது ஆளின் கையுறை போட்ட கையைப் பார்த்தார். முனிசாமி சாவியை வாங்கிக்கொண்டு வண்டியில் ஏறினார். கண்ணாடியை இறக்கி, "மீதி மூணு வண்டியையும் நாளைக்கு அனுப்பறேன்பா. இதே சோப்பு போதும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.