இருபத்து மூன்றாம் இணைப்பு

முதல் புகார் வந்தபோது அண்ணி சிரித்துவிட்டாள். ஸ்கேன் படங்களைப் பார்த்து அறிக்கை எழுதும் மருத்துவர் போனில் சொன்ன விஷயம் அப்படி. ஒருவருடைய நெஞ்சுப் படத்தில் பாதிக்குக் கீழே வேறு யாருடைய முழங்காலோ இருக்கிறதாம். ஐந்தாவது புகார் வந்தபோது சிரிப்பு போய்விட்டது. யாராவது முழங்காலை நம்பி நெஞ்சைக் கீறிவிட்டால் என்ன ஆவது?

ஆபீசில் எல்லோருக்கும் அவள் அண்ணிதான். கணவனின் தம்பியை அங்கே வேலைக்குச் சேர்த்துவிட்ட நாளில் அவன் எல்லோர் முன்னாலும் அப்படிக் கூப்பிடப்போய் மேனேஜர் முதல் காவலாளி வரை அதையே பிடித்துக்கொண்டார்கள். நாற்பது ஸ்கேன் மையங்கள் எடுக்கும் படங்களை வாங்கி மருத்துவர்களுக்கு அனுப்புவது அந்த ஆபீசின் வேலை. வாங்கி வைக்கும் புரோகிராமை சி மொழியில் எழுதியவள் அண்ணி. மையத்துக்கு ஓர் ஆள் என்று நிறுத்தாமல், ஒரே ஆள் நாற்பது பேரையும் கவனிக்கிற மாதிரி எழுதியிருந்தாள். எந்த இணைப்பில் தரவு வந்திருக்கிறது என்று சிஸ்டம் சொல்லும். புரோகிராம் அங்கே மட்டும் போய், வந்த வரைக்கும் வாங்கி, உரிய கோப்பில் எழுதிவிட்டு அடுத்த இணைப்புக்கு நகரும். எவருக்காகவும் நின்று காத்திருக்காது. ஒவ்வொரு இணைப்புக்கும் ஓர் எண், எண்ணுக்கு ஒரு பெட்டி, பெட்டிக்குள் இது யாருடைய படம், எதுவரை வந்திருக்கிறது என்ற குறிப்பு. இரண்டு வருடத்தில் அது ஒரு நாளும் காலை வாரியதில்லை. அதைப் பற்றிப் பேச்செடுத்தால் அண்ணிக்கு நிறுத்தத் தெரியாது என்பதால் ஆபீசில் யாரும் பேச்செடுப்பதில்லை.

அதனால் தப்பு புரோகிராமில் இருக்காது என்ற இடத்திலிருந்துதான் அவள் தேடவே தொடங்கினாள். புகார் வந்த படங்களின் நேரங்களை எடுத்து ஒரு தாளில் எழுதினாள். ஐந்தும் காலை ஒன்பதிலிருந்து ஒரு மணிக்குள். அந்த நேரத்தில் சர்வர் அறையில் உட்கார்ந்திருப்பது கொழுந்தன். மதியத்துக்கு மேல் உட்காருபவருக்கு ஆபீசில் 'நிம்மதி' என்று பெயர். காலை நீட்டி, பேப்பரை முகத்துக்கு நேராக விரித்தாரென்றால் சாயங்காலம்தான் மடிப்பார். அவர் நேரத்தில் ஒரு படம்கூடக் கெட்டதில்லை. அண்ணி தாளை நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். கணவனிடம் சொல்லவில்லை.

அன்றிலிருந்து அவள் கொழுந்தனைக் கண்கொத்திப் பாம்பாகக் கவனித்தாள். சந்தேகம் என்று வந்துவிட்டால் ஒருவன் தண்ணீர் குடிப்பதுகூடத் தப்பாகத்தான் தெரியும். இவனோ அதற்கு நிறையவே இடம் கொடுத்தான். அவள் அறைக்குள் நுழைந்தால் திரையில் ஒரு ஜன்னலைச் சட்டென்று மூடினான். போன் வந்தால் நடைபாதைக்குப் போய்த் தணிந்த குரலில் பேசினான். ஒருமுறை கதவோரம் நின்றபோது, "அஞ்சு நிமிஷத்துல முடிச்சுடறேன், யாருக்கும் தெரியாது" என்று அவன் சொன்னது காதில் விழுந்தது. இதற்கு முன் இரண்டு வேலையில் நிலைக்காதவன். படங்களை யாருக்கோ விற்கிறானா? போட்டிக் கம்பெனிக்காரன் எவனாவது இந்த ஆபீசின் பெயரைக் கெடுக்கக் காசு கொடுக்கிறானா? இரவுச் சாப்பாட்டின்போது அவன் எதிரில் உட்கார்ந்து, "என்ன அண்ணி, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டான். நடிக்கிறான் என்று நினைத்தாள்.

மூன்று வாரம் பார்த்தபின் ஒரு காலையில் நேராகவே கேட்டுவிட்டாள்.

"ஓடிக்கிட்டு இருக்கிற சிஸ்டத்துல நீ எதையாவது தொடறியா?"

அவன் முகத்தில் ஈயாடவில்லை. "நான் எதையும் தொடறதில்ல, அண்ணி."

பொய் என்று அவளுக்கு அந்த நொடியே தெரிந்தது. அதில் மட்டும் அவள் தவறவில்லை.

அதற்குப்பின் எட்டு வேலை நாள் ஒரு படமும் கெடவில்லை. மேனேஜர் அவளை அழைத்துக் கதவைச் சாத்தினார். அவள் நேரங்கள் எழுதிய தாளைக் காட்டி, அவனைக் கேட்டதையும் சொன்னாள். கேட்டதும் நின்றுவிட்டது, இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் என்றார். பெரிய ஆஸ்பத்திரி வெள்ளிக்கிழமைக்குள் பதில் கேட்டிருந்தது. நோயாளிகளின் படங்களில் ஓர் ஊழியர் கைவைத்தார், அவரை நீக்கிவிட்டோம் என்று கடிதம் தயாராக இருந்தது. தொழில்நுட்பப் பொறுப்பாளர் என்ற இடத்தில் அண்ணி கையெழுத்துப் போட வேண்டும். அப்படி ஒரு கடிதம் முதுகில் ஏறினால் இந்தத் தொழிலில் அவனை எவனும் வாசலுக்குள் விடமாட்டான் என்பது அவளுக்குத் தெரியும். ஆனாலும் போட்டாள். அவன் அன்றைக்கே ஒரு பையோடு வீட்டைவிட்டுக் கிளம்பி நண்பன் அறைக்குப் போய்விட்டான். கணவன் அவளைத் திட்டவில்லை. "அவன்கிட்ட உக்காந்து பேசினியா?" என்று மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

வேறு ஆள் கிடைக்கும்வரை காலை நேர நாற்காலி அண்ணியின் தலையில் விழுந்தது. உட்கார்ந்த அரை மணியிலேயே போன் அடிக்கத் தொடங்கியது. படம் பாதியில் நின்றுவிட்டது, நோயாளி மேசையிலேயே படுத்திருக்கிறார், ஏதாவது செய்யுங்கள் என்றாள் ஒரு மையத்துப் பெண். "அந்தத் தம்பி இல்லையா? அவர் நம்பருக்குப் போட்டா எடுக்கவே மாட்டேங்கிறாரே. அவர்னா அஞ்சே நிமிஷத்துல சரிபண்ணிடுவாரு."

அண்ணிக்கு என்னவோ போலிருந்தது. திரையைப் பார்த்தாள். நடுவழியில் லைன் செத்து, போகிறேன் என்றுகூடச் சொல்லாமல் நின்றுபோன இணைப்புகள் மூன்று. அந்தப் பெண்ணின் மையம் அதில் இருபத்து மூன்றாம் எண். அது கிடக்கும்வரை அந்த மையம் மறுபடி அனுப்ப முடியாது. இப்படிப்பட்டதை வெட்டிவிட அவளே எப்போதோ ஒரு கட்டளை எழுதி வைத்திருந்தாள். பரிசோதனைக்காக ஒரு மதியம் அவசரமாக எழுதியது. தன் சொந்த உபயோகம்தானே என்று, யார் எப்போது வெட்டினார்கள் என்பதைப் பதிவில்கூடக் குறிக்க விடவில்லை. உதவிப் பட்டியலின் கடைசி வரியில் அது இன்னும் இருந்தது. இருபத்து மூன்றை வெட்டினாள். போன் ஓய்ந்தது.

இருபது நிமிடத்தில் மருத்துவர் கூப்பிட்டார். முதுகெலும்புப் படத்தின் கீழ்ப்பாதியில் ஒரு கை இருக்கிறது என்றார்.

அறையில் அவளைத் தவிர ஈ காக்கை இல்லை. காலையிலிருந்து சிஸ்டத்தைத் தொட்டது இரண்டே கை, இரண்டும் அவளுடையவை. புரோகிராமைத் திறந்து, வெட்டும் கட்டளை இருக்கும் பக்கத்துக்குப் போனாள். மொத்தமே நான்கு வரி. அனுப்புபவர் தானாக முடித்துக்கொண்டு போனால் இணைப்பை மூடி, பெட்டியையும் துடைக்க வேண்டும் என்று வேறொரு பக்கத்தில் ஒழுங்காக எழுதியிருந்தாள். இந்த நான்கு வரியில் மூடுவது இருந்தது, துடைப்பது இல்லை. இருபத்து மூன்று காலியானதும் சிஸ்டம் அடுத்து வந்த மையத்துக்கு அதே எண்ணைக் கொடுத்திருக்கிறது. எப்போதுமே காலியாக இருக்கும் எண்களில் சின்னதைத்தான் கொடுக்கும். புதியவர் வந்தபோது பெட்டிக்குள் பழையவரின் முதுகெலும்பு பாதியில் நின்றுகொண்டிருந்தது. புரோகிராம் சொன்ன சொல் தவறாமல் மிச்சத்துக்குக் கையைச் சேர்த்துவிட்டது.

நிம்மதியின் நேரத்தில் ஏன் கெடவில்லை என்பதும் விளங்கிவிட்டது. அவர் போனை எடுப்பதில்லை. எதையும் வெட்டுவதில்லை. யார் எவ்வளவு நேரம் மேசையில் கிடந்தாலும் அவர் பேப்பர் அசையாது. கொழுந்தன் போனை எடுத்தான், பட்டியலில் கிடந்த அதே கட்டளையால் வெட்டினான், அதனால் கெட்டது. ஓடும் சிஸ்டத்தில் யாரும் கைவைக்கக் கூடாது என்று மேனேஜர் சுற்றறிக்கை விட்டிருந்ததால் ஒளித்துச் செய்தான். அவள் அதட்டிக் கேட்டதும் பயந்து விட்டுவிட்டான். அந்த எட்டு நாள் எத்தனை பேர் மேசையில் காத்துக் கிடந்தார்களோ. அவன் விட்டதைத்தான் இவர்கள் சாட்சி என்று எடுத்துக்கொண்டார்கள். அண்ணிக்குத் தன்மீது வந்த ஆத்திரத்தில் அழுகைகூட வரவில்லை.

விடுபட்ட ஒரு வரியைச் சேர்த்துவிட்டு மேனேஜரிடம் போனாள். அவர் முழுக்கக் கேட்டார். பிறகு சரிசெய்தாயிற்று அல்லவா, அப்படியே விட்டுவிடலாம் என்றார். ஆஸ்பத்திரி சமாதானமாகிவிட்டது, பையன் போனது போனதுதான், புரோகிராமே கோளாறு என்று சொன்னால் நாளைக்குக் கம்பெனியே இருக்காது.

"நீங்க எழுதலைன்னா நான் எழுதறேன் சார்," என்றாள் அண்ணி. "கையெழுத்து என்னோடது."

அவர் தடுப்பதற்குள் எழுதி அனுப்பியும் விட்டாள். படங்களில் எந்த ஊழியரும் கைவைக்கவில்லை, தவறு என் நிரலில், இதுவரை பாதியில் வெட்டப்பட்ட எல்லாப் படங்களையும் மறுபடி சரிபார்க்க வேண்டும் என்று எழுதினாள். ஆஸ்பத்திரி மறுநாள் வரச் சொன்னது. இரண்டு மணி நேரம் அவளை வறுத்தெடுத்தார்கள். கடைசியில் ஒப்பந்தம் பிழைத்தது, நீக்கமும் ரத்தானது. நீக்கத்தை ரத்துசெய்த தாளை எடுத்துக்கொண்டு சாயங்காலம் நண்பன் அறைக்குப் போனாள்.

கொழுந்தன் நாற்காலியைத் துடைத்துப் போட்டான். அவள் உட்காரவில்லை. எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள், தப்பு தன்னுடையது என்பதை இரண்டு முறை சொன்னாள். அவன் தாளைப் படித்துவிட்டு மேசைமேல் வைத்தான்.

"சென்டர்க்காரங்க பாவம்னு வெட்டிட்டேன். அதுல இப்படி ஆகும்னு எனக்குத் தெரியாது, அண்ணி."

"எனக்கே தெரியலையேப்பா. ஆனா வெட்டறேன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்ல?"

"சொல்லத்தான் நெனச்சேன். மூணு வாரமா நீங்க என்னை எப்படிப் பார்த்தீங்கன்னு எனக்குத் தெரியாதா? வீட்ல சாப்பிடறப்பகூட அந்தப் பார்வைதான். அதுக்கப்புறம் எதைச் சொன்னா நம்பியிருப்பீங்க?"

திங்கட்கிழமை வந்துவிடு, அண்ணன் உன் அறையை அப்படியே வைத்திருக்கிறார் என்று சொன்னாள். அவன் தாளை எடுத்து மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தான்.

"வேலைக்கு வரேன், அண்ணி," என்றான். "வீட்டுக்கு வரல."