கொஞ்சம் எக்கோ போடுங்க, அண்ணி

எனக்குக் காது நல்ல காது. இதை நானே சொல்லிக்கொள்ளக் கூடாதுதான். வேறு யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்களே, என்ன செய்வது? மாடி வீட்டு ஃப்ரிட்ஜ் எந்த ஸ்ருதியில் முனகுகிறது என்று கேளுங்கள், படுத்தபடியே சொல்லிவிடுவேன். பாட்டுகளைக் கம்ப்யூட்டரில் கலந்து, சீர்செய்து கொடுப்பதுதான் என் பிழைப்பு. எங்கள் படுக்கையறையில் பாதி கட்டில், மீதி ஸ்டுடியோ. மெட்டுப் போடுவது என் வீட்டுக்காரர். அவருக்கும் நல்ல காதுதான், என் பேச்சு மட்டும் அதில் ஏறாது.

அன்று கையில் இருந்தது என் நாத்தனார் பாடிய பாட்டு. ஒரு குறும்படத்துக்கு. சாயங்காலத்துக்குள் இயக்குநருக்கு அனுப்பியாக வேண்டும்.

நாத்தனாரை வீட்டில் 'வெண்கலம்' என்றுதான் கூப்பிடுவோம். அவள் குரல் கொடுத்தால் தெருமுனையில் போகிறவர் திரும்பிப் பார்ப்பார். போன வருஷம் தொண்டையில் ஒரு ஆபரேஷன். ஆளும் பிழைத்தாள், குரலும் பிழைத்தது. ஆனால் மேலே ஏறும்போது குரலின் ஓரத்தில் ஒரு கரகரப்பு ஒட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு அந்தப் பெயரை நாங்கள் வாயில் எடுக்கவில்லை. அவளும் குளியலறையில் மட்டும்தான் பாடுவாள். அதுவும் தாழ்போட்டு, குழாயைத் திறந்துவிட்டு. இந்தப் பாட்டுக்கு அவளைச் சம்மதிக்க வைப்பதற்குள் அவள் அண்ணனுக்கு நாக்குத் தள்ளிவிட்டது.

"அண்ணி, நல்லா எக்கோ போட்டு மூடிடுங்க. அந்தக் கரகரப்பு வெளிய தெரிஞ்சுதுன்னா, சத்தியமா இனிமே நான் பாடவே மாட்டேன்" என்றாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

அவள் எக்கோ என்று சொன்னது ரிவெர்ப்பை. குரலைச் சுற்றி இல்லாத ஒரு அறையைக் கட்டுகிற வேலை அது. அறை பெரிதாக ஆக, குரலின் வால் நீண்டுகொண்டே போகும். காலையில் அவள் கேட்டபடி ஒரு மண்டபத்தையே கட்டிக் கொடுத்தேன். கேட்டுவிட்டு அவளே முகத்தைச் சுளித்தாள்.

"கிணத்துல விழுந்துட்டுக் கத்தற மாதிரி இருக்கு அண்ணி."

"நீதானடி கேட்டே!"

ரிவெர்ப்பை அணைத்துவிட்டு, நடுநடுவே கேட்ட மூச்சுச் சத்தங்களைத் துடைத்தேன். சாப்பிட எழுந்தோம். திரும்பி வந்து ரிவெர்ப்பில் சின்ன அறை ஒன்றைத் தேர்ந்தெடுத்து, பாட்டை ஓடவிட்டேன். ஆரம்பித்தது கூத்து.

"வாலைக் கொஞ்சம் குறை" என்றார் வீட்டுக்காரர். குறைத்தேன். "ஆங், இப்ப தேவலாம்."

"என்னங்க தேவலாம்? பாட்டே படுத்துடுச்சு." கூட்டினேன். "பாத்தீங்களா? குரல் எப்படி எழுந்து நிக்குது!"

"நிக்கல, மிதக்குது."

"மிதக்குதா? உங்க தலையில மிதக்குது!"

திரையில் இருக்கிற ஒரு குமிழை மயிரிழை அளவுக்கு நகர்த்துவதற்கு நாங்கள் போட்ட சண்டை, கல்யாணமான புதிதில்கூடப் போட்டதில்லை. கடைசியில் நாத்தனாரே பொறுமையிழந்து என் கையிலிருந்து மவுஸைப் பிடுங்கினாள். நாக்கைத் துருத்திக்கொண்டு கொஞ்சம் திருப்பினாள், கேட்டாள், இன்னும் கொஞ்சம் திருப்பினாள். பிறகு கையை எடுத்துவிட்டாள்.

"இதான் அண்ணி. கரகரப்பு இருக்கு, ஆனா உறுத்தல. நானே பாடின மாதிரி இருக்கு." கண் கலங்கிவிட்டது அவளுக்கு. "இதையே அனுப்பிடுங்க."

அனுப்பக் குனிந்தேன். அப்போதுதான் அவள் திரையைக் காட்டிக் கேட்டாள். "எல்லா வரிசையிலயும் பச்சை விளக்கு எரியுதே, இது மட்டும் ஏன் எரியல?"

பார்த்தேன். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காலையில் அணைத்த ரிவெர்ப். திரும்பப் போடவே இல்லை. சாப்பிட்டு வந்ததிலிருந்து, அணைந்து கிடந்த ஒன்றைத் திருகித் திருகித்தான் இந்தப் பாடு பட்டிருக்கிறோம். நின்றதாம், மிதந்ததாம்!

வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். "அது... ஃப்யூஸ் போயிருக்கும்மா."

திரையில் வரைந்த விளக்குக்கு ஃப்யூஸ் போகுமாம்! புளுகுவதிலாவது ஒரு திறமை வேண்டாமா இந்த மனுஷனுக்கு?

எனக்கு மறைக்க வரவில்லை. "அது அணைஞ்சிருக்கு. நான்தான் போட மறந்துட்டேன்."

"அப்ப நான் இவ்வளவு நேரம் கேட்டது?"

"உன் குரல்தான். வெறும் குரல். ஒரு பொட்டு எக்கோ கிடையாது."

அவள் முகம் விழுந்துவிட்டது. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். வீட்டுக்காரர் அவசரமாக மவுஸை எட்டினார். "இரு, இதோ போட்டுடறேன்."

பட்டென்று அவர் கையில் ஒரு அடி விழுந்தது.

"தொட்டே, தெரியும் சேதி!" என்றாள் அவள். "இன்னொரு தடவை போடுங்க அண்ணி."

போட்டேன். அசையாமல் உட்கார்ந்து கேட்டாள். குரல் மேலே ஏறியது, கரகரப்பு வந்தது, அவள் தலை தானாக ஆடியது. பாட்டு முடிந்தது. பிறகு, "மிதக்குதாம்!" என்று சொல்லிவிட்டு அவள் சிரிக்க ஆரம்பித்தாள் பாருங்கள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உருண்டுவிட்டாள். "நிக்குதாம்! எழுந்து நிக்குதாம்!"

நானும் சிரித்தேன். என் காதின் மானம் போனால் போகட்டும். அவள் அப்படிச் சிரித்துப் பார்த்து எத்தனை நாளாயிற்று! எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"அப்படியே அனுப்புங்க அண்ணி. விளக்கு எரிய வேணாம்."

அனுப்பினேன். இயக்குநர் என்ன சொல்வாரோ, அது அவர் பாடு.

சாயங்காலம் அவள் குளிக்கப் போனாள். தாழ் போடும் சத்தம் கேட்டது, பாட்டும் கேட்டது. குழாய்ச் சத்தம் மட்டும் கேட்கவில்லை. நானும் அவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பாட்டு பாதியில் நின்றது. கதவு திறந்தது. தலையில் துண்டோடு வெளியே வந்து நின்றாள்.

"என்ன ஆச்சு வெண்கலம்?" அவரையும் அறியாமல் அந்தப் பெயர் வாயில் வந்துவிட்டது.

"உள்ள எக்கோ ரொம்ப ஜாஸ்திண்ணே" என்றாள் அவள். "நகருங்க, ஹால்லயே பாடறேன்."